இரண்டாவது கீச்சுக்கு ஓர் இருமல்

முதல் கீச்சு கேட்டதும் அக்காவின் வலது கை மடங்கி வாயருகே போய்விடும். அடுத்த கணம் இருமல். சாதாரண இருமல் அல்ல. தொண்டைக்குள் லாரி ஒன்று மேடேறி இறங்குவது போன்ற இருமல். வரிசையில் நிற்பவர்கள் ஓரடி பின்வாங்குவார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் ஒருவர் காதிலும் விழாது.

அந்தச் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் அவருக்கு 'இருமல் அக்கா' என்றே பெயர். வாடிக்கையாளர்கள் பில்லோடு வைத்தியமும் சொல்லிவிட்டுப் போவார்கள். "தேன்ல மிளகைத் தட்டிப் போட்டு நக்கும்மா." "வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிங்க." அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

அவர் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு மெஷினில் இருக்கிறது. வங்கி அட்டையைத் தேய்த்தால் அது ஒருமுறை கீச்சிடும். வசதி இல்லாதவர்களுக்கு அரசு கொடுக்கும் உணவு உதவி அட்டையைத் தேய்த்தால் இரண்டு முறை. அதையும் சாமான்களுக்குப் பில் போடும் முன்பே தேய்த்துவிட வேண்டும் என்று விதி. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏழையின் அட்டை மட்டும் எப்படியோ ஊரையே கூட்டிவிடுகிறது. கடைக்காரர்கள் அட்டைக்காரர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'ரெட்டைக் கீச்சு'. "ஒரு ரெட்டைக் கீச்சு முழுக் கோழி வாங்கிட்டுப் போகுது பாரு" என்பான் கறி வெட்டுகிறவன், அந்தக் கோழி அவன் வீட்டுக் கூண்டிலிருந்து காணாமல் போன மாதிரி.

கீச்சு இரண்டாகிவிட்டால் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் உடனே நீதிபதி உத்தியோகம் கிடைத்துவிடும். கூடையில் அரிசி மட்டும் இருந்தால் சோம்பேறி. பழம் இருந்தால் கொழுப்பு. கிழிந்த சட்டையோடு வந்தால் நடிப்பு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தால் "இவனுக்கா பஞ்சம்?" இல்லாதவன் போட்டுக்கொள்ள வேண்டிய சரியான சட்டை ஒன்று இருக்கிறது போலும். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இந்த நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதி, பிஸ்கட் மேடம். தன் நாய்க்கு வெளிநாட்டு பிஸ்கட் வாங்க வருகிறவர். அக்காவைத் தன் கட்சி என்றே நினைத்து, கவுண்டரில் சாய்ந்துகொண்டு குசுகுசுப்பார். "நீயும் நானும் உழைச்சுச் சாப்பிடறோம். இதுங்களுக்குப் பாரு, உக்காந்த எடத்துல சோறு. உனக்கு வயிறு எரியல?"

"எரியுது மேடம்" என்பார் அக்கா. அது பொய்யே இல்லை. 'பிச்சை வேண்டாம் தாயே, நாயைப் பிடி' என்று முதலில் சொன்னவர் இந்த மேடத்தை எங்கேயோ பார்த்திருக்க வேண்டும்.

மேடத்துக்குத் தெரியாத ஒன்று உண்டு. அக்காவின் பர்சில், பஸ் பாஸுக்குப் பின்னால், அதே அட்டை இருக்கிறது. கணவர் லாரியில் மூட்டை ஏற்றி ஏற்றி முதுகு போய்ப் படுத்திருக்கிறார். இரண்டு பெண்கள், இரண்டும் வளர்கிற வயது, அதாவது பசிக்கிற வயது. அட்டைக்கு விண்ணப்பிக்கப் போனபோது அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அதான் முழுநேர வேலை இருக்கே, அப்புறம் எதுக்கு இது?"

"அதை எங்க முதலாளியைக் கேளுங்க சார்."

முதலாளியைக் குறை சொல்லக் கூடாது, முன்யோசனை உள்ள மனுஷர். ஊழியர் ஓய்வறையில் 'சிறந்த ஊழியர்' என்று அக்காவின் படத்தை மாட்டிய அதே சுவரில், உணவு உதவிக்கு விண்ணப்பிப்பது எப்படி என்ற நோட்டீஸையும் ஒட்டி வைத்திருக்கிறார். அரை வயிற்றுக்கு அவர் சம்பளம் கொடுப்பார். மீதி அரை வயிற்றை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். அந்தக் காசும் சுற்றிக்கொண்டு இவரைப் போன்ற ஒருவரின் கல்லாவுக்கே வந்து சேரும். உட்கார்ந்த இடத்தில் சாப்பிடுகிறவர் யார் என்று பிஸ்கட் மேடம் இந்தப் பக்கமாகத் திரும்பிப் பார்த்ததில்லை.

அக்கா தன் அட்டையை இந்தக் கடையில் தேய்த்ததே கிடையாது. பஸ் ஏறி ஊரின் மறுகோடிக்குப் போய் வாங்கி வருவார். அந்தக் கடையில் பில் போடுகிறவனுக்கு இருமல் வருவதில்லை.

பக்கத்து கவுண்டரில் உட்காரும் பெண் கெட்டிக்காரி. ஒருநாள் கண்ணடித்துக் கேட்டாள்: "அக்கா, உங்க இருமலுக்குக் கண்ணு இருக்கா? கார்டைப் பாத்துப் பாத்துல்ல வருது!"

"வாயை மூடிட்டு பில்லைப் போடுடி."

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். "கம்ப்ளெயின்ட் வருதுக்கா. சாப்பாட்டுச் சாமான் விக்கிற எடம். இருமலை நிறுத்துங்க, இல்லேன்னா குடோனுக்குத்தான் மாத்தணும்." குடோனுக்குப் போனால் சம்பளம் குறையும், அரை வயிறு கால் வயிறாகும். "நிறுத்திடறேன் சார்" என்றார் அக்கா. மேனேஜர் அன்போடு ஒரு டப்பா இருமல் மிட்டாய் கொடுத்தார். அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். ஊழியர் தள்ளுபடி போகத்தான்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர் ஒருவர் சீருடையோடு வந்தார். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை. கடைசியாக ஒரு சின்ன ஐஸ்கிரீம் டப்பா. அட்டையைத் தேய்த்தார். முதல் கீச்சு. அக்காவின் கை எழுந்தது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்த கை மடியில் இறங்கியது. இரண்டாவது கீச்சு கடைக்கோடி வரை கேட்டது.

"ஐஸ்கிரீமா!" என்றார் பின்னால் நின்ற பிஸ்கட் மேடம். "நம்ம வரிப்பணம் எப்படி உருகுது பாருங்க." வரிசை சிரித்தது.

"அது வேணாம்மா" என்றார் அந்த மனிதர், யாரும் கேட்காமலே. "பாப்பாவுக்கு இன்னிக்குத்தான் காய்ச்சல் விட்டுச்சு, ஆசைப்பட்டா. பரவால்ல, எடுத்துடுங்க." அட்டைக்கு ஐஸ்கிரீம் கொடுக்கக் கூடாதென்று எந்த விதியும் இல்லை. அதைச் சொல்ல அக்கா வாயெடுப்பதற்குள் அவரே டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டார். மீதிச் சாமான்களுக்கு பில்லை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி நகர்ந்தார்.

மேடம் பிஸ்கட் பாக்கெட்டுகளை அடுக்கினார். "என்னம்மா, இன்னிக்கு இருமலையே காணோம்?"

"சரியாப் போச்சு மேடம்." அக்கா 'கவுண்டர் மூடப்பட்டுள்ளது' என்ற பலகையை எடுத்து பிஸ்கட்டுக்கு முன்னால் நட்டார். "டீ டைம்."

திறந்த வாயை மூடாமல் மேடம் பக்கத்து கவுண்டருக்குப் போய்ச் சேர்வதற்குள், அங்கே அவருக்கு முன்னால் அக்கா நின்றிருந்தார். மார்பில் கடையின் பெயர்ப்பட்டை, கையில் அதே ஐஸ்கிரீம் டப்பா. வாசலருகே பையைக் கட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "அண்ணே, போயிடாதீங்க, ஒரு நிமிஷம்" என்று குரல் கொடுத்தார். பர்சைத் திறந்தார். பஸ் பாஸுக்குப் பின்னாலிருந்து அட்டையை உருவித் தேய்த்தார்.

பக்கத்து கவுண்டர் பெண் அட்டையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்காவின் தோளுக்கு மேல் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த மேடத்தைப் பார்த்தாள். முதல் கீச்சு கேட்டது. அந்தப் பெண் சட்டென்று மூச்சை இழுத்து, கையை மடக்கி வாய்க்குக் கொண்டுபோனாள்.

அக்கா எட்டி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, இரண்டாவது கீச்சு முழுசாகக் கேட்டு முடியும்வரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.