கிராஞ்சி ஆர்க்கிட் தோட்டத்தில் டாஸ் மாற்றிய வாரம்

1. புதன்கிழமைத் தொலைபேசி

1988ஆம் ஆண்டு. சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கிய சிறிய கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் நான் டெக்னீஷியன். என்னைச் சேர்த்து நான்கு பேர். கம்பெனியை நடத்தியவர் கோவிந்தசாமி. டைரியில் தேதி இருக்கிறது; இங்கே கிழமை போதும். ஒரு புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அவர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“சேவியர், கிராஞ்சி ஆர்க்கிட் தோட்டம். போன வாரம் நீ டாஸ் மாத்தின மெஷின். பிரிண்ட் வரலியாம், ரொம்ப ஸ்லோவாம். அந்த டைப்பிஸ்ட் அம்மா எதையோ அமுக்கி வச்சிருக்காங்கன்னு தோட்டத்துக்காரர் கத்தறாரு.”

“அவங்க எதை அமுக்கியிருப்பாங்க?”

“எனக்கு என்னலா தெரியும்? அந்த அம்மா ரெண்டு தடவை போன் பண்ணாங்க. கேபிளை இறுக்கி மாட்டுங்கன்னு சொன்னேன். அதுகூடத் தெரியல போல.”

அந்த அம்மா இரண்டு முறை கூப்பிட்டதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

2. முந்தைய செவ்வாயன்று நான் செய்தது

இளையவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்போது அலுவலகக் கம்ப்யூட்டர்கள் டாஸ் என்ற அடிப்படை மென்பொருளில் ஓடின. கருப்புத் திரையில் ஓர் எழுத்தும் ஒரு குறியும் மின்னும், அவ்வளவுதான். மெஷினைப் போட்டதும் டாஸ் இரண்டு சின்ன ஃபைல்களைப் படிக்கும். ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுப்பதைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும், பிரிண்டர் மெஷினின் பின்புறத்தில் எந்த வாயிலில் மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் அந்த ஃபைல்களில் வரி வரியாக இருக்கும். ஒரு வரி போனாலும் மெஷின் புகார் சொல்லாது. தனக்குத் தோன்றியபடி ஓடும்.

எங்கள் கம்பெனியில் ‘ஸ்டாண்டர்ட் பிளாப்பி’ என்று கையில் எடுத்துப்போகும் ஒரு டிஸ்க் உண்டு. புதிய டாஸை ஏற்றிய பிறகு அதிலிருந்து இந்த இரண்டு ஃபைல்களையும் எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி போட்டுவிடுவோம். பழைய ஃபைல்களுக்கு முதலில் வேறு பெயர் கொடுத்து எடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. இன்னொரு வழக்கமும் இருந்தது. அது எந்த விதியிலும் இல்லை. திரையில் அந்தக் குறி மின்னியதும் “ஓடுது பாருங்க” என்று காட்டி, வேலை முடிந்ததற்கான ஜாப் ஷீட்டில் கையெழுத்து வாங்கிவிடுவோம்.

ஊருக்கு வெளியே இருந்த கிராஞ்சியில் பஸ் அபூர்வம். அந்தச் செவ்வாய் மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய ஃபைல்களை எடுத்து வைக்காமல் அவற்றின் மேலேயே பிளாப்பியில் இருந்ததைப் பதிந்தேன். குறி மின்னியது. டைப்பிஸ்ட் மிஸஸ் ராஜா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, “ஒரு பேக்கிங் லிஸ்ட் அடிச்சுப் பாக்கட்டோ தம்பி?” என்று கேட்டார்.

“எல்லாம் அதேதான் மிஸஸ் ராஜா. மாத்தினதே தெரியாது” என்றேன். அவர் கையெழுத்திட்டார். நான் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன்.

3. நோட்டுப் புத்தகம்

புதன்கிழமை நான் தோட்ட அலுவலகத்துக்குள் நுழைந்தபோது கம்ப்யூட்டர் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, மிஸஸ் ராஜா பழைய டைப்ரைட்டரில் இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், பிறந்ததும் படித்ததும் சிங்கப்பூரில்தான், பேச்சு மட்டும் பெற்றோரின் பேச்சு. தோட்டத்துக்கு வருவதற்கு முன் இருபது வருடம் அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோ.

தோட்டத்து முதலாளி ஆறுமுகம் வாசலிலேயே நின்றார். கை முழுக்க மண்.

“பாருங்க தம்பி. மூணு வருஷமா கம்ப்யூட்டர் இருக்கு, இவங்க டைப்ரைட்டர்ல உக்காந்திருக்காங்க. நேத்து பேப்பர் ரெடியாகல, லாரி லேட்டு, பதினாறு பெட்டி பூ பிளைட் ஏறல. ஜப்பான்காரன் என்னைக் கேப்பானா, இவங்களைக் கேப்பானா?”

“மெஷின்ல கோளாறு இருக்கலாம் சார்.”

“நீங்கதானே ஓடுதுன்னு சொன்னீங்க? இவங்களும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஷீட்டு என்கிட்ட இருக்கு. வயசாயிடுச்சு, புதுசு ஏறல. தப்பா சொல்லல. திங்கக்கிழமை புக்கிட் பாத்தோக்லேருந்து ஒரு பொண்ணு வருது, கம்ப்யூட்டர் சர்ட்டிபிகேட் வச்சிருக்கு. வெள்ளிக்கிழமையோட மிஸஸ் ராஜா ரெஸ்ட் எடுக்கட்டும்.”

மிஸஸ் ராஜாவை வைத்துக்கொண்டே இதைச் சொன்னார். டைப்ரைட்டர் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது. ஆறுமுகம் செடிகளுக்குள் போய்விட்டார்.

நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, “எவ்வளவு ஸ்லோவா இருக்கு மிஸஸ் ராஜா?” என்று கேட்டேன்.

“மெஷின் ஸ்லோவோ, நான் ஸ்லோவோ எண்டு தெரியேல்லை.”

“சும்மா ஒரு கணக்குக்குச் சொல்லுங்க.”

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ஷார்ட்ஹேண்ட் நோட்டு ஒன்றை எடுத்தார். மேசை டிராயரில் அல்ல, கைப்பையில் வைத்திருந்தார் என்பதைக் கவனித்தேன். “ஐயாவுக்குக் காட்டாதேங்கோ தம்பி.”

ஒவ்வொரு தாளையும் திரையில் அடிக்கத் தொடங்கிய நேரம், முடித்த நேரம். பழைய அலுவலகத்தில் கேட்பார்களாம். இங்கே யாரும் கேட்கவில்லை, கை மட்டும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. பேக்கிங் லிஸ்ட், நான்கு நிமிடம். நான்கு. ஐந்து. நான்கு. பல பக்கங்களுக்கு அப்படியே. பிறகு பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பதினொன்று.

“உதைப் பாத்தா ஐயா இண்டைக்கே போகச் சொல்லிப் போடுவார்” என்றார். “எனக்கு வயசு போட்டுது. விரல் முந்தி மாதிரி இல்லை. இவர் சொல்லுறதும் சரிதானே.”

நான் பத்து நிமிடம் தொடங்கிய வரிக்குப் பக்கத்தில் இருந்த நாளையும் நேரத்தையும் பார்த்தேன். செவ்வாய், பிற்பகல் மூன்று ஐம்பது. நான் பஸ்ஸில் உட்கார்ந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். அதே நாள் காலை பதினொன்றரைக்கு நான்கு நிமிடம்.

விரல்களுக்கு ஒரே மத்தியானத்தில் வயதாவதில்லை.

ஃபைலைத் திறந்தேன். டிஸ்குக்கு இடம் ஒதுக்கும் வரி இல்லை. எங்கள் ஸ்டாண்டர்ட் பிளாப்பியில் அந்த வரியே கிடையாது. ஹார்ட் டிஸ்க் இல்லாத சின்ன மெஷின்களுக்காக யாரோ எப்போதோ தயாரித்தது. அதனால் டாஸ் ஒவ்வொரு பூவின் பெயருக்கும் திரும்பத் திரும்ப டிஸ்கைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது. பிரிண்டர் வரியும் இல்லை. அந்த மெஷினின் பிரிண்டர் வழக்கமான வாயிலில் மாட்டியதல்ல. அதை மெஷினுக்குச் சொல்லிவந்த ஒரே வரியை நான் அழித்திருந்தேன். மிஸஸ் ராஜா கேபிளை எத்தனை முறை இறுக்கியிருந்தாலும் ஒரு புள்ளிகூட அச்சாகியிருக்காது.

இரண்டு வரிகளையும் எழுதி மெஷினை மறுபடி கிளப்பினேன். “ஒரு லிஸ்ட் அடிங்க.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கினார். பிரிண்டர் கரகரவென்று காகிதத்தை இழுத்தது. அவர் நோட்டில் எழுதிவிட்டு என் பக்கம் திருப்பினார். நான்கு.

“அப்ப நான் இல்லையோ?” என்றார்.

“நீங்க இல்ல. நான்.”

4. இரண்டு வார்த்தை

அலுவலகத்துக்குப் போன் செய்து கோவிந்தசாமியிடம் சொன்னேன்.

“சரி பண்ணிட்டல்ல? ஜாப் ஷீட்ல யூசர் எரர்னு போட்டுட்டு வா” என்றார்.

யூசர் எரர், உபயோகிப்பவரின் தவறு. எங்கள் தொழிலில் இந்த இரண்டு வார்த்தையை யோசிக்காமல் எழுதுவோம். நானே எத்தனையோ ஷீட்டில் எழுதியிருக்கிறேன்.

“அதுல அவங்க வேலை போகுது சார்.”

“நாம தப்புன்னு எழுதினா நம்ம கஸ்டமர் போயிடும். அந்த அம்மா எப்படியும் ரிட்டயர் ஆகப் போறாங்க. உனக்குப் பாவமன்னிப்பு வேணும்னா ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கேட்டுக்க, ஜாப் ஷீட்ல கேக்காத.”

கோவிந்தசாமி கெட்ட மனிதர் அல்ல. நான்கு பேர் சம்பளம் அவர் தலையில் இருந்தது. ஆனால் நோட்டு என் எதிரில் திறந்தே கிடந்தது. ‘பழுதுக்குக் காரணம்’ என்ற கட்டத்தில், டாஸ் மாற்றும்போது டெக்னீஷியன் பழைய ஃபைல்களை எடுத்து வைக்கவில்லை, வாடிக்கையாளர் சோதிக்கக் கேட்டும் சோதிக்க விடவில்லை என்று எழுதினேன். மிஸஸ் ராஜாவிடம் நோட்டைக் காட்ட அனுமதி கேட்டேன். அவரே எடுத்துக்கொண்டு என்னுடன் வந்தார்.

ஆறுமுகம் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஷீட்டைப் படித்தார். நோட்டின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“பதினாறு பெட்டி, தம்பி.”

“ஆமா சார்.”

“இவங்களை ஒரு வாரமா நான் பேசாத பேச்சு இல்ல. சொல்லக்கூடாதா மிஸஸ் ராஜா?”

“என்னத்தைச் சொல்ல? எனக்கே நம்பிக்கை இல்லை.”

ஆறுமுகம் ஷீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “அந்தப் பொண்ணை வரவேணாம்னு சொல்லிடறேன்.”

“சொல்லாதேங்கோ” என்றார் மிஸஸ் ராஜா. “வேலை கிடைச்சுதெண்டு வீட்டில சொல்லியிருக்கும். பேக்கிங் ஷெட்டில லேபலுக்கு ஆள் காணாது எண்டு எத்தனை தரம் சொன்னனான். அங்க போடுங்கோ. மத்தியானத்தில இந்த மெஷினை நான் காட்டிக் குடுக்கிறன்.”

அன்றைக்குப் போக வேண்டிய ஏழு பேக்கிங் லிஸ்டையும் அடித்து, தாளைக் கிழித்து, எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் அவர் என் ஷீட்டில் கையெழுத்திட்டார். முக்கால் மணி நேரம் ஆனது. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தன் வேலையைச் செய்வதை அதுவரை நான் முழுதாகப் பார்த்ததில்லை.

கோவிந்தசாமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தோட்டம் எங்களை விட்டுப் போகவில்லை, ஆனால் நல்ல பெயர் கொஞ்ச காலம் போய்விட்டது. அதற்குப் பிறகு கம்பெனி என்னை அங்கே அனுப்பும்போதெல்லாம் ஆறுமுகம் கூடவே நின்று பார்த்தார். அது நியாயம்தான்.

அதன் பிறகு டாஸ் போய் வேறு பலவும் வந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அதே இரண்டு புகார்தான் வரும்: மெதுவாகிவிட்டது, பிரிண்ட் வரவில்லை. இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பழைய ஃபைலை எடுத்து வைக்க எந்தப் புத்தகமும் கற்றுத்தரும். மெஷின் மெதுவானால் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தான். அந்தச் சந்தேகத்தோடு அவரைத் தனியே விட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போகாதீர்கள்.