தையில் அளந்த தூரம்

என் தம்பியின் இடது புருவத்துக்கு மேலே மூன்று தையல் போட்ட தழும்பு உண்டு. போட்டோவில் அதை மறைத்துத் தருவதாக ஸ்டுடியோக்காரர் சொன்னாலும் அவன் வேண்டாமென்றுவிடுவான். அந்தத் தழும்பில் எனக்கும் பங்குண்டு என்பது அவனுக்கு நினைவில்லை.

அம்மாவின் தம்பியான எங்கள் மாமா, பெங்களூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலையில் இருந்தார். அங்கே யாரோ வேண்டாமென்று போட்ட ஒரு மட்டையும் மூன்று பந்துகளும் அவரிடம் இருந்தன. நான் ஐந்தாவது படித்தபோது, பொங்கலுக்கு எங்கள் ஊரான பரமத்தி வேலூருக்கு வந்தவர், காலைப் பனியில், கரும்பு வெட்டிய எங்கள் காட்டில் பந்தடித்துக் காட்டினார். ஒவ்வொரு பந்தும் எழும்பிப் போய், வேப்பமரத்துக்கு இப்பாலேயே ஈர மண்ணில் சொத்தென்று விழுந்து நின்றது. மரத்தை ஒன்றுகூடத் தாண்டவில்லை.

சித்திரையில் மாரியம்மன் நோம்பிக்கு வந்தபோது மாமா மட்டையையும் பந்துகளையும் கொண்டுவந்திருந்தார். விருந்து முடிந்ததும் அப்பா, “மாப்ள, உன்ற பெங்களூரு வித்தைய நாங்களும் பாக்கறமே” என்றார். காலையிலேயே நான் பந்துகளைக் கழுவி, மோட்டார் ரூம் தகரக் கூரைமேல் காயவைத்திருந்தேன். எடுத்தபோது கை சுட்டது. பாவாடையில் ஏந்திக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

தம்பிக்கு ஆறு வயது. பந்து பொறுக்கத் தானும் வருவதாகச் சொன்னான். “மரத்துக்கு அந்தப்பக்கம் நில்லு, அங்க வராது” என்று விவரம் தெரிந்தவள்போல அனுப்பிவைத்தேன். மரம் மறைத்ததால் மாமாவுக்கு அவன் தெரியவில்லை.

மட்டை பட்ட சத்தமே அன்று வேறு மாதிரி இருந்தது. மேலே போன பந்து இறங்கவேயில்லை. மரத்தின் உச்சியை அது தாண்டியபோதுதான் தம்பி வேடிக்கை பார்க்க வெளியே வந்தான். பந்து காய்ந்த தரையில் மோதித் துள்ளியது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மட்டையை எறிந்துவிட்டு மாமா ஓடினார். தம்பியின் விரல்களுக்கிடையில் ரத்தம் வழிந்தது. “கண்ணத் தொற சாமி, கண்ணத் தொற” என்று மாமா கெஞ்சினார். அவன் திறக்கவில்லை.

பெரியப்பாவின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பாவும் அம்மாவும் தம்பியோடு உள்ளே போனார்கள், கதவு சாத்தப்பட்டது. வெளியே பெஞ்சில் மாமா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். “பொங்கலுக்கு மரத்தத் தாண்டலீங்களே மாமா, அதனாலதான் அவன அங்க நிக்கச் சொன்னேன்” என்றேன்.

“அன்னைக்குக் குளுரு சாமி. பந்து வெறச்சுக் கெடந்துச்சு, மண்ணு ஈரம். இன்னைக்குப் பந்து கொதிக்குது, காத்தும் வெக்கையில லேசாயிருச்சு, மண்ணு கல்லாட்டம் கெடக்குது. எத்தன வருசமா இதுலயே கெடக்கறேன். தையில பாத்த தூரத்த நம்பிச் சித்திரையில அடிச்சுப்போட்டேன்.”

தகரக் கூரை என் நினைவுக்கு வந்தது. வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. கண்ணுக்கு ஒன்றுமில்லை, புருவத்தோடு போயிற்று என்றார் டாக்டர். அம்மா அப்போதுதான் அழுதாள்.

அப்பா எங்கள் முன்னால் வந்து நின்றார். “பையன அங்க ஆரு போயி நிக்கச் சொன்னது?”

“நாந்தானுங்க மச்சான்” என்றார் மாமா.

“இல்லீங்க மாமா, நா…” என்று ஆரம்பித்தேன். மாமா என் கையை வலிக்கும்படி அழுத்தினார். பயத்தில் அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே மாமா பெங்களூருக்கு பஸ் ஏறினார். அப்பா வாசலுக்குக்கூட வரவில்லை. அடுத்த நோம்பிக்கும் மாமா வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தம்பி கேட்டான். “லீவு கெடைக்கலையாட்ட இருக்குது” என்றேன். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.