வாசக அறையில் கல்லறைத் திருநாள்

வேலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருதயராஜுக்குப் பியூன் வேலை. புத்தகத்தைத் துடைப்பது, அடுக்குவது எல்லாம் பேருக்குத்தான். அவருடைய நிஜமான உத்தியோகம் 'உஸ்' என்பது. யாராவது இருமினால்கூட வாயில் விரல் வைத்தபடி வந்து நிற்பார். அதில் அவருக்கு அலாதிப் பெருமை.

ஆம்பூரில் தோல்ஷாப்பை ஒட்டிய தெரு அவருடையது. அந்தத் தெருவுக்கென்று ஒரு சாவுப் புத்தகம் உண்டு. யார் செத்தாலும் அதில் பேர் ஏறும்; பக்கத்தில் அந்த வீட்டு ஆள் ஒருவர் கட்டைவிரலை அழுத்துவார். மை வேண்டாம், தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறிய விரலின் கறையே போதும். வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார்கள். அந்த வீட்டார் ரேகையைத் தொட்டு, "இருக்கோம்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். பதில் வராத ஆத்துமா அடுத்த வருஷம்வரை அநாதையாக நிற்கும் என்று தெருவில் நம்பினார்கள்.

1931-இல் அந்தப் புத்தகத்தின் மூலையில் கரையான் வாய் வைத்தது. நூலகர் சுப்பராயன் அப்போதுதான் ஜில்லாவின் பழைய காகிதங்களைத் தேடிச் சேர்த்து ஒரு தனி அறையில் வைக்க ஆரம்பித்திருந்தார். இருதயராஜே தெருவிடம் மன்றாடி, புத்தகத்தை வாங்கிவந்து கொடுத்தார். கோயில் பீரோவில் வைப்பது மாதிரிதான், திருநாளுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டார். அங்கேயே சம்பளம் வாங்குகிற மனுஷனுக்கு இந்தப் புத்தி!

அக்டோபர் கடைசியில் போய்க் கேட்டபோது சுப்பராயன் கையை விரித்தார். "அந்த ரூமுக்குள்ள வந்தது லைப்ரரியை விட்டு வெளியே போகாது, இருதயராஜ். வேணும்னா பேரையெல்லாம் எழுதிட்டுப் போ."

பேரை எழுதலாம். ரேகையை எப்படி எழுதுவது?

ஊருக்குப் போனதும் அக்கா சவுரியம்மாள் பிடிபிடியென்று பிடித்தாள். "இன்னா தம்பி, செத்தவங்களை எல்லாம் கொண்டுபோய்ப் பூட்டி வச்சுட்டு வந்துட்டியே! உன் பொண்டாட்டி பேரும் அதுலதானே இருக்குது?"

இருந்தது. ஞானப்பூ தை மாதம்தான் போய்ச் சேர்ந்தாள். நூலகத்து விரலில் கறை ஏது? தொட்டியில் முக்கி எடுத்துத்தான் அவள் பேருக்குப் பக்கத்தில் அழுத்தியிருந்தார். முதல் வருஷமே அவளை அநாதையாக்கிவிட்டோமே! மறுநாளே சுப்பராயன் முன் போய் நின்றார்.

"புஸ்தகம் வெளிய போவாது, சரிங்கய்யா. ஆளுங்க உள்ள வரலாமில்லீங்க?"

"படிக்க யார் வேணும்னாலும் வரலாம்" என்றார் சுப்பராயன். எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு.

திருநாளன்று காலைப் பாசஞ்சரில் தெருவே காட்பாடியில் வந்து இறங்கி, வேலூருக்கு நடந்து வந்தது. தோல்ஷாப்பு வாடையும் கூடவே வந்தது. வாசக அறையில் மாணவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்கள். வந்தவர்கள், இருதயராஜ் சாவுப் புத்தகத்தை எடுத்துவைத்த மேஜையைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"தானியேல்!" என்று கூப்பிட்டார் கூட வந்த கோயில் உபதேசியார்.

"இருக்கோம்!" அலமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன.

சுப்பராயன் பதறி ஓடிவந்து, வழக்கம்போல இருதயராஜைப் பார்த்தார். இவர் விரலும் வழக்கம்போலவே வாய்க்குப் போய்விட்டது.

"ஞானப்பூ!"

அந்த வீட்டில் பதில் சொல்ல இருந்தது ஒரே ஆள்தான். தெரு முழுக்க அவரைப் பார்த்தது, சுப்பராயனும் பார்த்தார். வேலை போய்விடுமோ என்ற பயம் இருதயராஜுக்கு இருந்தது. அவர் வாயிலிருந்த விரலை எடுத்தார். அதை அந்தப் பழுப்பு ரேகையின்மேல் வைத்தார்.

"இருக்கேன்!" என்றார். கல்லூரி வாசல்வரை கேட்டது.