பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பல்பு

யோகராஜா அண்ணனின் ஸ்கூல் வேனில் ஏறினாலே ஊதுபத்தியும் பெட்ரோலும், பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் தேங்காய்ச் சம்பலும் சேர்ந்து ஒரு வாசம் அடிக்கும். இன்றைக்கும் பழைய வேன் கதவு எதைத் திறந்தாலும் என் மூக்கு அதைத்தான் தேடுகிறது...

அப்போது நான் பெல்மதுளையில் ஒரு கராஜில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த புதிது. தோட்டத்துப் பொம்பளைப் பிள்ளை, கையில் மல்டிமீட்டர்! வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "பாஸ் இல்லீங்களா?" என்பார்கள். பாஸ் என்றால் எங்கள் பக்கம் மெக்கானிக். வயரிங் வேலைக்கு நான்தான் பாஸ் என்று சொல்ல எனக்கும் கூச்சம்.

யோகராஜா அண்ணன் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, பாவம்.

அவருடைய வேன், தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து இறங்கி, ரப்பர் மலை முடிகிற வளைவுக்கு வரும்போது பட்டென்று நின்றுவிடும். இருமலும் கிடையாது, முக்கலும் கிடையாது. கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். வேறொரு இடத்தில் பெட்ரோல் பம்பையே மாற்றிக் கொடுத்திருந்தார்கள். பம்ப் புதுசு, வியாதி பழசு.

அடுத்த திங்கட்கிழமை ஓ.எல். அரசாங்கப் பரீட்சை. மேல் டிவிஷன் பிள்ளைகள் எல்லாரும் அந்த வேனில்தான் வர வேண்டும். பஸ் வந்து சேர்வதற்குள் பேப்பர் கொடுத்துவிடுவார்கள். வேறு வேன்காரர்களோ அந்த ரோட்டைப் பார்த்தாலே கும்பிடு போட்டுவிடுவார்கள்.

"தங்கச்சி, வேன் நின்னா நான் எறங்கித் தள்ளிருவேன். புள்ளைங்களுக்கு ஒரு வருசம் நின்னு போச்சுன்னா அத யாரும்மா தள்ளுறது?" என்றார் அண்ணன்.

கராஜில் பார்த்தால் வேன் உத்தமன். எவ்வளவு நேரம் ஓட விட்டாலும் நிற்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேனிலேயே போய்ப் பார்க்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் சிங்களவர், அதிகம் பேசமாட்டார். "ஹரி நங்கி, பலமு" என்றார். சரி தங்கச்சி, பார்ப்போம்... அவ்வளவுதான். புதுசாக வந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னமோ.

எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டருக்கு மெயின் ரிலே வழியாகத்தான் கரண்ட் போகும். சின்னக் கறுப்புப் பெட்டி. சாவியைப் போட்டதும் 'டிக்' என்று ஒட்டிக்கொண்டு கரண்டை விடும். அந்தக் கரண்ட் விட்டுப்போனால் எஞ்சின் நிற்கும். அது வெளியே வருகிற இடத்திலிருந்து ஒரு வயரை உள்ளே இழுத்து, ஒரு சின்ன பல்பை மாட்டி, டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினேன். வேன் நிற்கும்போது பல்பும் அணைந்தால் குற்றம் ரிலே பக்கம். எரிந்துகொண்டே இருந்தால் வேறு எங்கோ.

மறுநாள் காலை நான் முன் சீட்டில். பின்னால் பிள்ளைகள் பழைய பரீட்சைப் பேப்பரை மடியில் போட்டுவிட்டு பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளைவு வந்தது...

"அக்கா! பல்பு போயிருச்சு!"

வேன் நின்றதற்குக் கைதட்டிய ஒரே கூட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

ஹோர்ன் ரிலேயும் அதே அளவு, அதே கால்கள். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, "இனி நிக்காதுண்ணே" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். மத்தியானம் திரும்பும்போது பல்பு மறுபடியும் அணைந்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அண்ணன் முன்னால் நின்ற மாட்டை விரட்ட ஹோர்னை மட்டும் அடித்தார்.

ஹோர்ன் கணீரென்று அடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெட்டது என்று நான் கழற்றிய ரிலேயில்தானே ஹோர்ன் இப்படி அடிக்கிறது? அப்படியானால் ரிலே நல்லது. அது உட்கார்ந்திருந்த இடம்தான் சரியில்லை.

ரிலேயைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழிக்குள் டோர்ச் அடித்தேன். பச்சைப் பசேல் என்று களிம்பு. சுற்றிலும் மஞ்சள். காய்ந்துபோன சந்தனம்.

"அண்ணே... இது என்னாண்ணே?"

எட்டிப் பார்த்தவர் தலையைச் சொறிந்தார். "சரஸ்வதி பூசைக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சேன் தங்கச்சி. பியூஸ் பெட்டி மூடிமேல பொட்டு வச்சா சாமி மூடியோட நின்னுருமேன்னு, தொறந்து உள்ளுக்கு இருக்கிற எல்லாத்துக்கும் வச்சேன்..." குரல் இறங்கியது. "சாமி குத்தமாயிருச்சோ?"

நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். இருந்தாலும் சொன்னேன். "குத்தமெல்லாம் இல்லண்ணே. சாமி கொஞ்சம் ரொம்ப உள்ளுக்குப் போயிருச்சு."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வேனே ஆடியது. அண்ணனும் சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

களிம்பு பிடித்த இடம் கரண்ட் ஓடச் சூடேறி, ரோட்டுக் குலுக்கலில் தொடர்பு விட்டுப்போய், ஆறியதும் மறுபடி பிடித்திருக்கிறது. கராஜில் குலுக்கல் ஏது? அந்த டெர்மினல்களை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு போட்டேன்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். வளைவில் யாரும் மூச்சு விடவில்லை. பல்பு அணையவில்லை. ஸ்கூல் கேட்டில் பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கும்போது நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

இப்போது கேகாலையில் எனக்கென்று ஒரு சின்ன கராஜ். ஸ்கேனரைச் செருகினால் வண்டியே தன் வியாதியைப் பாதி சொல்லிவிடுகிறது. "பாஸ் இல்லீங்களா?" என்று யாராவது கேட்டால், "நான்தான், சொல்லுங்க" என்கிறேன். கூச்சமெல்லாம் அந்த வளைவிலேயே இறங்கிவிட்டது.

போன வாரம் யோகராஜா அண்ணன் வந்திருந்தார். வேன் வேறு, வாசம் மட்டும் அதே. டேஷ்போர்டில் பிள்ளையார், பக்கத்தில் என் பழைய பல்பு. வயரை ஒட்ட நறுக்கியிருந்தார். எதோடும் இணைக்கவில்லை. பல்பின் கண்ணாடியில் சந்தனப் பொட்டு.

"இது எதுக்குண்ணே இன்னும்?"

"நீ இப்ப முன் சீட்டுல வர்றதில்லயேம்மா... அதான், ஒரு தொணைக்கு."