டூர் பையில் ஓர் இஸ்திரிப்பெட்டி

1. கும்பகோணத்திலிருந்து வந்த புகார்

யுத்த காலத்தில் திருச்சியில் ஒரு சின்ன சோப்புக் கம்பெனியில் டூர் ரெப்ரசென்டேட்டிவாக இருந்தேன். வேலையின் பெயர்தான் நீளம். செய்வதெல்லாம் சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கடைக்காரர்களிடம் துணி சோப்புக்கு ஆர்டர் பிடிப்பது. சீமைச் சோப்பு வரத்து நின்றுபோயிருந்ததால் எங்கள் சரக்குக்கும் கொஞ்சம் மதிப்பு வந்திருந்தது. நான் அப்போது டெம்பரரி.

ஒருநாள் காலையில் மேனேஜர் முதலியார் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் வாய் மட்டும் சவுக்கு.

"ஐயங்கார், உம்மை நான் அனுப்பினது சோப்பு விக்கவா, இல்ல சோப்பே வேண்டாம்னு ஜனங்களுக்குச் சொல்லிட்டு வரவா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"கும்பகோணத்துச் செட்டியார் வந்திருந்தார். 'உங்க ஆளு நல்ல மனுஷர்தான். ஆனா அவரு கோட்டைப் பாத்தப்புறம் உங்க சோப்பு மேல நம்பிக்கை வரலை'ன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போறார். நீர்தான் ஐயா நம்ம விளம்பரம்! விளம்பரமே கசங்கிக் கெடந்தா எப்படி?"

மூன்றாம் வகுப்பு வண்டியில் ஐந்து பேர் உட்காரும் பலகையில் எட்டுப் பேர் உட்கார்ந்து போனால் வெள்ளை டிரில் கோட்டு எப்படி இருக்கும்? என்ஜின் புகை வேறு. சாயங்காலம் ஓர் ஊரில் இறங்கி மறுநாள் மத்தியானம் அடுத்த ஊருக்குக் கிளம்புகிறவனுக்கு எந்த வண்ணான் துணி வெளுத்துத் தருவான்? இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை துறையூர் போறீர். சனிக்கிழமை காலையிலே மொத்த வியாபாரி ரெட்டியாரைப் பாக்கறீர். அந்த ஆர்டர் வந்தா உம்மைப் பெர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே முதலாளிகிட்ட பேசறேன். வரலைன்னா வேற ஆளு தயாரா இருக்கான். மடிப்புக் கலையாத கோட்டோட போம். ஒரு சின்ன இஸ்திரிப்பெட்டி வாங்கிப் பையிலே வச்சுக்கும்."

அதோடு விட்டிருக்கலாம். எங்கிருந்தோ ஒரு சீமைப் பத்திரிகையை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அதில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பெட்டி தானாக ஆவி விடுகிறது.

"இது மாதிரி பாத்து வாங்கும்" என்றார்.

2. பெரிய கடைவீதி

பெரிய கடைவீதியில் காதர் பாயின் இரும்புச் சாமான் கடை. நான் படத்தின் விவரத்தைச் சொன்னேன். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"தானா ஆவி விடுதா? யுத்தம் முடியட்டும் சாமி. கப்பல் வந்ததும் அதுலயே நீங்க ஏறிப் போய் வாங்கிட்டு வந்துருங்க. எனக்கும் ஒண்ணு."

பிறகு கடையில் இருந்ததை எல்லாம் எடுத்து வைத்தார். முதலில் வந்தது பித்தளைக் கரிப்பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு டூர் போனால் சாம்பிள் பெட்டிக்குக் கூலியாள் வைக்க வேண்டும். அடுத்தது கரண்டில் சுடும் பெட்டி. கைக்கு அடக்கமாக அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் போகும் ஊர்களில் பாதிக்குக் கரண்டே எட்டிப் பார்க்கவில்லை. இருக்கிற ஊரிலும் லாட்ஜ்காரன் விளக்குக்கு மேல் எதையும் மாட்டவிட மாட்டான். மூன்றாவதாக வந்தது ஸ்பிரிட் பெட்டி. பின்பக்கம் ஒரு குட்டிக் குப்பி. அதில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் அடித்தகடு சூடாகும். கரி இல்லை, சாம்பல் இல்லை. ஸ்பிரிட்டும் பாயே எப்படியோ ஒரு பாட்டில் தேடிக் கொடுத்தார். ரங்கநாதன் வழிகாட்டிவிட்டான் என்று சந்தோஷமாக எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் திரும்பினேன்.

அன்று சாயங்காலமே ஒத்திகை பார்க்கலாம் என்று கூடத்தில் உட்கார்ந்து பற்றவைத்தேன். பெட்டி நன்றாகத்தான் சூடாயிற்று. ஆனால் அடுப்பங்கரையிலிருந்து என் மனைவி அலமேலு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஏன்னா, இதென்ன நாத்தம்? கள்ளுக்கடை வாசல்ல நிக்கறாப்பல இருக்கு!"

"ஸ்பிரிட்டுடீ. அடுப்புக்கு ஊத்தறது."

"எதுக்கு ஊத்தினா என்ன? சாராயம் சாராயம்தானே? பெருமாள் ஏள்ளியிருக்கற உள்ளுக்கு நேரா உக்காந்துண்டா இதை ஏத்துவேள்? இந்தக் கோட்டைப் போட்டுண்டு ரெட்டியார் கடையில போய் நின்னா, திருமண் இட்டுண்டு வந்திருக்கற மனுஷர் எங்கே போய்ட்டு வந்திருக்கார்னு அவா நினைப்பா?"

கோபம் வந்தது. ஆனால் கோட்டை முகர்ந்து பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை. மடிப்பு அருமையாக விழுந்திருந்தது, நெடி அதைவிட அருமையாக ஏறியிருந்தது. இரண்டு நாள் கொடியில் போட்டும் போகவில்லை. என் வேலையோ மூக்குக்கு எதிரில் சோப்பை நீட்டி மோந்து பார்க்கச் சொல்லும் வேலை.

வியாழக்கிழமை பெட்டியைத் திரும்ப எடுத்துப் போனேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சாமி, ஒண்ணு கனம்ங்கறீங்க, ஒண்ணு கரண்டுங்கறீங்க, ஒண்ணு நாத்தம்ங்கறீங்க. பொண்ணு பாக்கக்கூட இத்தனை தடவை யாரும் வந்ததில்லை."

ஆனாலும் பரண் மேல் ஏறித் துழாவி ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். ஒரு சாண் நீளம்கூட இல்லாத இரும்புக் கரிப்பெட்டி. தொப்பி தைக்கிறவர்கள் விளிம்பு தேய்க்க வைத்துக்கொள்வதாம்.

"ஒரு கை நெருப்பு போதும். நெருப்புக்கு என்ன பஞ்சம்? எந்த வீட்டுல அடுப்பு இல்லை?"

"வாஸ்தவம்" என்றேன் நானும். கரியை ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு அந்த நிமிஷம் புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

3. துறையூரில் விளக்கு வைத்த நேரம்

அப்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரி கேஸில் ஓடின. வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கொப்பரை இருக்கும். அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தக் கேஸில் என்ஜின் ஓடும். ஓடும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கொள்ளிடம் பாலம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை நின்றது. மண்ணச்சநல்லூருக்கு அப்பால் ஒரு சின்ன மேட்டில் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார்கள். வெள்ளைக் கோட்டோடு நானும் தள்ளினேன். கொப்பரைப் பக்கமாக நின்று தள்ளியது என் தலையெழுத்து.

மத்தியானம் சேர வேண்டிய பஸ் துறையூர் சேரும்போது தெருவில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டு சாம்பல் பூத்துக் கிடந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே சத்திரம். கிணற்றடிக்குப் போய், சாம்பிள் சோப்பில் ஒரு கட்டியை எடுத்து, கோட்டைக் கும்மி அலசிப் பிழிந்தேன். அழுக்கு போய்விட்டது. சோப்பைப் பற்றி எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. இனி ஈரத்தோடேயே தேய்த்துக் காயவைத்துவிடலாம் என்று, சத்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அம்மா, ஒரு கரண்டி நெருப்பு வேணும்."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் நெற்றியில் பளிச்சென்று திருமண்.

"சாமி, பாத்தா பெரியவங்களா இருக்கீங்க. வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வெளக்கு வச்சப்புறம் வந்து நெருப்பு கேக்கறீங்களே! வீட்டு லட்சுமியைத் தூக்கிக் குடுன்னு கேக்கற மாதிரி இல்ல?"

என் வீட்டில் வந்து யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அலமேலுவும் இதையேதான் சொல்லியிருப்பாள். நானும் பக்கத்தில் நின்று ஆமோதித்திருப்பேன்.

தெருக்கோடியில் ஒரு காப்பி கிளப் இருந்தது. முதலாளி கல்லாவுக்கு மேல் இருந்த லட்சுமி படத்துக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்.

"நெருப்பா? நாளைக்குக் காலையில வாங்க, அடுப்பையே தரேன். இப்ப காப்பி வேணா குடிங்க."

காப்பி குடித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய? தேங்காய் நாரை உருட்டித் தீக்குச்சியால் பற்றவைத்து அதன்மேல் கரியைப் போட்டு ஊதினேன். கண் எரிந்ததே தவிர கரி கனியவில்லை. மண்ணெண்ணெய் ரேஷன், ஒரு சொட்டு யாரிடம் கேட்பது? சத்திரமெல்லாம் புகை. "சாமி, இங்க என்ன யாகமா பண்றீங்க?" என்று காரியக்காரர் வந்து சத்தம் போட்டார். இருந்த தீக்குச்சிகளும் தீர்ந்தன. ஈரக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் வெறும் பெட்டியோடு வாசலில் வந்து நின்றேன். ஆத்திரத்தில் அழுகை வந்தது. "ரங்கா, பெர்மனென்ட் வேண்டாம், ஒரு கை நெருப்பு கொடு" என்று வாய்விட்டே சொன்னேன்.

எதிரில், நான் வந்த பஸ்ஸின் பின்னால் டிரைவர் மாணிக்கம் குந்தி உட்கார்ந்து, கொப்பரையின் அடிக்கதவைத் திறந்து கம்பியால் கிளறிக்கொண்டிருந்தார். தரையில் செக்கச்செவேலென்று நெருப்பு வந்து விழுந்தது. மறுபக்கத்தில் கிளீனர் தண்ணீர் வாளியோடு தயாராக நின்றான்.

"ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

மாணிக்கம் பயந்துபோனார். "என்ன சாமி, யார் மேலயாச்சும் பட்டுருச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு, மறுபடியும் ஏமாறக் கூடாதே என்று, "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. விளக்கும் வச்சாச்சு. உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கம்பி ஆடியது.

"பஸ்ஸுக்கு ஏது சாமி வெள்ளிக்கெழம? வேணுங்கற மட்டும் அள்ளிக்கிட்டுப் போங்க. தண்ணி ஊத்தற வேலை மிச்சம்."

பஸ்ஸின் பின்சீட்டுப் பலகையில் என் போர்வையை விரித்துக் கோட்டைப் போட்டேன். பெட்டி பட்டதும் ஈரத்துணியிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. முதலியாருடைய பத்திரிகைப் படத்தில் இருந்ததே, அதே ஆவி. படத்து அம்மாள் சிரித்தாள், எனக்கு வேர்த்து ஊற்றியது, அவ்வளவுதான் வித்தியாசம். சின்னப் பெட்டியானதால் நெருப்பு சீக்கிரம் ஆறியது. ஆற ஆற மாணிக்கம் மாற்றிக் கொடுத்தார். கடைசியில் தன் காக்கிச் சட்டையையும் கழற்றி நீட்டினார்.

"இதையும் ஒரு இழு இழுத்துருங்க சாமி. நாளைக்கு முதலாளி வர்றாரு."

இழுத்தேன். காலருக்கு மட்டும் கூடுதலாக ஒரு தடவை.

4. ரெட்டியார் கடை

மறுநாள் காலை ரெட்டியார் சாம்பிளைக் கையில் வாங்கவே இல்லை. கோட்டைத்தான் பார்த்தார்.

"எதுல வந்தீங்க?"

"நேத்து சாயங்காலம் வந்த பஸ்ஸுலங்க."

"அந்தக் கரி பஸ்ஸுலயா? பொய் சொல்லாதீங்க. எங்க கணக்குப்பிள்ளையும் அதுலதான் வந்தாரு. ஓய், இங்க வாரும்!"

கணக்குப்பிள்ளை வந்தார். நேற்று பஸ் தள்ளும்போது எனக்குப் பக்கத்தில் நின்றவர். சட்டை முதுகில் சாம்பல் அப்படியே இருந்தது.

"ஆமாங்க, இவரும்தான் தள்ளினாரு. என்னைவிட இவரு கோட்டுலதான் ஜாஸ்தி அப்பிச்சு" என்றார்.

ரெட்டியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகுதான் சோப்பைக் கையில் எடுத்தார். ஆர்டர் கொடுக்கும்போது, "முதல் கட்டியை இவருக்குக் குடுங்க" என்று கணக்குப்பிள்ளையைக் காட்டினார்.

திங்கட்கிழமை முதலியாரிடம் ஆர்டரைக் கொடுத்தேன். படித்துவிட்டு, சொன்னபடியே முதலாளியிடம் பேசினார். அடுத்த மாதம் நான் பெர்மனென்ட். ஆனால் அன்று என் பையைத் திறந்து பெட்டியைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்ன ஐயங்கார், ஆவி விடற பெட்டி வாங்கச் சொன்னா, இந்தக் கரிச்சட்டியை வாங்கியிருக்கீர்?"

பெட்டியை வாங்கிப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் இன்றைக்கும் என்னிடம் எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்கிறார்கள். கனம் என்ன, அளவு என்ன, சீமையா உள்ளூரா என்று விசாரிக்கிறார்கள். அதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அந்தப் பெட்டிக்குத் தீனி என்ன, நீங்கள் போய்ச் சேரும் ஊரில், போய்ச் சேரும் வேளையில், அதை யார் கொடுப்பார்கள் என்று மட்டும் நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை டூர் என்றால், தங்குவதற்குச் சத்திரம் இருக்கிறதா என்று முதலில் விசாரித்ததே இல்லை. ராத்திரி கரி பஸ் எங்கே நிற்கும் என்றுதான் விசாரித்தேன்.