இரண்டு வாளித் தண்ணீர்

போன வருடம், வாடைக்காற்று தொடங்குவதற்குச் சில கிழமைகளுக்கு முன்பு நடந்தது இது. நான் திருகோணமலைப் பக்கம் சல்லி என்ற ஊரில் கடற்றொழில் செய்கிறவன். முதலில் என் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் அதைப் போலச் சுத்தமான படகு கிடையாது. ஒரு செதில் ஒட்டியிருந்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. நங்கூரத்தை இழுத்தால், இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவிய பிறகுதான் உள்ளே எடுப்பேன். இருபத்தைந்து வருடப் பழக்கம்.

கிண்ணியாவைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் படகு கேட்டு வந்தார். நாங்கள் தொழில் செய்கிற இடத்தில் மணல் அள்ளலாமா என்று ஒரு பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பு அந்தக் கடலடிச் சேற்றில் என்னென்ன சீவன்கள் வாழ்கின்றன என்று பார்த்து அவர் அறிக்கை கொடுக்க வேண்டுமாம். சேற்றில் என்ன சீவன் என்று நானும் என் மைத்துனரும் சிரித்தோம். ஆனாலும் அது எங்கள் சோற்றுக்கு வழி காட்டும் இடமாயிற்றே, கூட்டிக்கொண்டு போனோம்.

அன்று கடல் கொஞ்சம் குழப்பம். அந்தப் பிள்ளைக்கு அதுதான் முதல் கடல் பயணம். ஒரு பக்கம் தலையைத் தொங்கப்போட்டு ஒரே சத்தி, தின்றதெல்லாம் கடலுக்குள் போனது. மறுபக்கம் நான் அவர் தந்த இரும்புக் கவ்வியைக் கயிற்றில் இறக்கினேன். அது அடியில் போய் முட்டியதும் இரண்டு தாடையையும் மூடி, வாய் நிறையச் சேற்றோடு மேலே வரும். வந்ததும் என் கை தானாக வாளியை எடுத்தது. கவ்வியின் மேல்பக்கம் கம்பி வலை. ஊற்றிய தண்ணீர் அதற்குள்ளால் போய்த் தாடை இடுக்கால் கலங்கி ஓடியது. ஆறு இடத்தில் இறக்கினோம். ஆறு இடத்திலும் கழுவினேன். பிள்ளை எழுந்து வந்து மிஞ்சியதை எடுத்துப் பத்திரமாக மூடினார். "உங்கட போட்டு நல்ல சுத்தம் அண்ணா" என்று வேறு சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாள் கழித்து அவர் கூப்பிட்டதால், ஓர்ஸ் ஹில் குன்றில் அவர் வேலை செய்யும் அறைக்கு நானும் மைத்துனரும் போனோம். சேற்றை அரிதட்டில் அரித்து, சீவன்களில் மட்டும் நன்றாகப் பிடிக்கும் ரோஸ் நிறச் சாயம் போட்டு வைத்திருந்தார். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மணலும் சிப்பித் துண்டுகளும் தெரிந்தன. ரோஸ் நிறத்தை மருந்துக்கும் காணவில்லை.

"செத்த இடம் மாதிரித்தான் இருக்கு அண்ணா. இப்பிடியே எழுதத்தான் வேணும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "என்ன கதை இது தங்கச்சி? போன கிழமையும் அங்க விளைமீன் பிடிச்சனான். திருக்கை வந்து அடியைக் கிண்டுது. ஒண்டும் இல்லாத இடத்தில அது என்னத்தைத் தின்னுது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல. இதுகள் கூடுதலா மேல் சேற்றிலதான் இருக்கும், ஒரு விரல் ஆழத்துக்குள்ள."

மேல் சேறு. நான் வாளி வாளியாக ஊற்றிக் கழுவிவிட்டது அதைத்தான். மைத்துனர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

"அத்தான், வாயைத் திறந்திடாதீங்கோ. கரை முழுக்கச் சிரிக்கும். கடல் குழப்பமா இருந்தது, இன்னொருக்கா எடுப்பம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

நல்ல யோசனைதான். பாதி இறக்கம் வரை அதையே மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஆனால் அப்படிச் சொன்னால் நான் கழுவிய ஆறும் அறிக்கையில் அப்படியே இருக்கும். உயிருள்ள இடத்தைச் செத்த இடம் என்று என் கையே எழுதியது போல ஆகிவிடும். திரும்பி ஏறினேன்.

"தங்கச்சி, அந்த இடம் சாகேல்ல. நான்தான் கழுவி ஊத்தினனான்."

"எல்லாத்தையுமா?"

"ஓம். ஆறையும்."

அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில் நான் நின்ற நிலை எதிரிக்கும் வரக்கூடாது. திட்டுவார் என்று காத்திருந்தேன். "நானும் பாத்திருக்கோணும் அண்ணா. சத்தி எடுத்துக்கொண்டெல்லே கிடந்தனான்" என்றார். பிறகு கொப்பியைத் திறந்து என்னவோ எழுதினார். "திரும்பப் போக ஏலுமா?"

"நாளைக்கு விடியவே போவம். காத்து மாறினா ஏலாது."

மறுநாள் கவ்வி மேலே வந்தபோது என் கை மறுபடியும் வாளியைத் தேடியது. மைத்துனர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். படகு முழுவதும் சேறு. கரைக்கு வந்ததும், "என்ன, வயல் உழுதுபோட்டு வாறியளோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் தடவை நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். எங்கு பார்த்தாலும் ரோஸ் நிறம். இரண்டு பக்கமும் மயிர் போன்ற கால் வைத்த புழுக்கள், எள்ளை விடச் சின்ன மட்டிகள், இறால் போலச் சுருண்ட ஏதோ ஒன்று. ஒரு புழு மணல் மணலாக ஒட்டிக் குழாய் கட்டி அதற்குள் குடியிருந்திருக்கிறது. அத்தனை துப்புரவான வேலை! இத்தனை வருடமும் இவர்களின் கூரைக்கு மேலேதான் படகு ஓட்டியிருக்கிறேன். விளைமீனுக்கும் திருக்கைக்கும் சாப்பாடு போடுகிறவர்கள் இவர்கள்தான். எங்கள் கடல் என்று அன்றைக்குப் பட்ட பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மணல் அள்ளும் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அது செத்த இடம் என்று அந்த அறிக்கையில் இல்லை. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. பிரதி ஒன்று தந்தபோது, ஒரு வரியின் கீழ் கோடு போட்டுத் தமிழில் வாசித்துக் காட்டினார்: முதல் நாள் எடுத்த ஆறு மாதிரிகளும், படகோட்டி தாமாகவே சொன்ன தவறினால் நீக்கப்பட்டன.

வீட்டுக்கு யார் வந்தாலும் அலுமாரியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டுகிறேன். "பிழை விட்டதுக்கும் ஒரு பெருமையோ?" என்று மைத்துனர் கேலி செய்கிறார். செய்யட்டும். படகு சுத்தம் என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டுப் பூரித்தவன் நான். ஆனால் என்னைப் பற்றி யாரோ எழுதி வைத்ததில் எனக்குப் பிடித்தது, நான் சேற்றைக் கழுவியதை ஒப்புக்கொண்டேன் என்ற அந்த ஒரு வரிதான்.