விருப்பமில்லாத ஆளுக்கும்

இங்கிலாந்தில் புத்தருக்கு முன்னால் சப்பாத்தோடு கதிரையில் இருக்கிறார்கள். ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் தெருமுனை மண்டபத்தில் புத்த சமய ஆரம்ப வகுப்பு நடக்கிறது. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமைக்காரி, "உன் நாட்டுச் சமயம்தானே, வா" என்று அன்போடு கூட்டிப்போனாள். நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்த கத்தோலிக்கப் பெண் என்று சொல்லிப் பார்த்தேன். இலங்கை என்ற பெயரைத் தவிர வேறொன்றும் அவள் காதில் ஏறவில்லை. முதல் நாள் நான் மட்டும் சப்பாத்தைக் கழற்றினேன். தரையின் குளிர் எலும்புவரை ஏறியது. சொல்லாமலே செய்கிறாளே என்று அவர்கள் வியந்தார்கள். எனக்குச் சொல்லித்தந்தவள் ஒருத்தி இருந்தாள்.

வவுனியா ஆஸ்பத்திரியில் நான் தாதியாக வேலைசெய்தபோது குசுமா என்ற சிங்களப் பெண்ணும் நானும் ஒரே அறையில் இருந்தோம். என் வயதுதான் அவளுக்கும். அலுமாரியின் மேல் சின்னப் புத்தர் படம் ஒன்றை வைத்து, காலையில் பூப் பறித்து வைப்பாள். மூக்கில் வைத்து மணந்து பார்க்கமாட்டாள். மாலையில் வாடிய பூவை எடுக்குமுன் கொஞ்ச நேரம் அதையே பார்த்திருப்பாள்.

"உங்கட சாமிக்கு வாடின பூவோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பூ அவருக்கு இல்லே ரீட்டா, எனக்கு. நானும் இப்பிடி வாடுற ஆள்தானே. அதைப் பாக்கத்தான்."

படுக்குமுன் கண்ணை மூடி நாலு பேருக்கு நலம் கேட்பாள். முதலில் தனக்கு, பிறகு விருப்பமான ஆளுக்கு, பிறகு தெரியாத ஆளுக்கு, கடைசியில் விருப்பமில்லாத ஆளுக்கு. "அவனுக்கு ஏன்?" என்றேன். "அவனுக்கும் வலி இருக்குதானே" என்றாள்.

ஐம்பத்தெட்டில் தெற்கில் தமிழரை அடித்துக் கொளுத்திய கலவரம் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து நாயாற்றுக் கருவாட்டைத் தெற்கே கொண்டுபோய் விற்ற என் அண்ணன் சேவியரை எரிகாயங்களோடு கொண்டுவந்து எங்கள் வார்ட்டிலேயே கிடத்தினார்கள். இரண்டு நாளும் குசுமாதான் மருந்து கட்டினாள், கரண்டியால் கஞ்சி பருக்கினாள். "அந்தப் பிள்ளையின்ர கை பட்டால் நோகுதில்லை" என்றான் அண்ணன்.

மூன்றாம் நாள் அம்மா வந்தா. குசுமாவின் சிங்களம் கலந்த பேச்சைக் கேட்டதும், "என்ர பிள்ளையை இவள் தொடக்கூடாது!" என்று கத்தினா. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குசுமாவின் கையிலிருந்த மருந்துத் தட்டைப் பறித்தேன்.

"நீ வெளியில போ. நான் பாக்கிறன்."

"ரீட்டா, இன்னும் கட்டி முடியல்லே..."

"போ எண்டு சொல்லுறன்!"

போய்விட்டாள். அடுத்த நாள் மத்தியானம் அண்ணன் கேட்டான்: "அந்தப் பிள்ளை வரேல்லையோ?" லீவில் போய்விட்டா என்று பொய் சொன்னேன். பொழுது சாயுமுன் அவன் கண்ணை மூடினான். ஒரு மாதத்தில் குசுமா மாற்றம் வாங்கிக்கொண்டு போனாள். பஸ் வரும்வரை ஆஸ்பத்திரிக் கேற்றடியில் பெட்டியோடு நின்று எங்கள் அறை ஜன்னலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் திரைக்குப் பின்னால் நின்றேன்.

போன ஞாயிறு வகுப்பில் அந்த நாலு பேர் பாடம் வந்தது. ஆசிரியர் ஓய்வுபெற்ற மெலிந்த மனிதர். "உங்களுக்குத் தீங்கு செய்தவரை நினையுங்கள்" என்றார். அண்ணனுக்குத் தீ வைத்தவர்களை நினைக்கப் பார்த்தேன். அவர்களுக்கு முகமில்லை. தட்டைப் பறித்த என் முகந்தான் வந்தது. அதற்கு நலம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. விம்மிவிட்டேன்.

என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. வீட்டுக்காரி என் தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டாள்:

"அந்தப் பெண் உன் தோழியா?"

இத்தனை வருடங்களில் யாரும் கேட்காத கேள்வி. இங்கிலீசு மறந்துபோனது.

"ஓம்" என்றேன்.

ஆசிரியர் தலை குனிந்து கைகூப்பினார். மந்திரம் என்று நினைத்துவிட்டார். மண்டபத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் கண்களை மூடி, ஒரே குரலில், நீட்டி, "ஓம்" என்றார்கள். எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்லுவோம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நடுவில், அவர்களோடு சேராமல், கண்ணைத் திறந்தபடி இருந்தேன்.